டட்டில் தொப்பி பிறந்த கதைக்கு ஒரு திருத்தம்

டான்பரி, கனெக்டிகட்
1871 அக்டோபர் 9

மேன்மை பொருந்திய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நலமும், தங்கள் அச்சகத்தின் நலமும், சென்ற மாதம் வழுக்கி விழுந்த தங்கள் மனைவியாரின் முழங்கால் நலமும் அறிய ஆவல். நான் நலமாக இல்லை. காரணம், தங்கள் வியாழக்கிழமைப் பத்திரிகையின் மூன்றாம் பக்கம்.

'டட்டில் தொப்பி பிறந்த கதை' என்று போட்டிருக்கிறீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் மாதம் எல்கானா டட்டில் மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கினாராம், கழுத்தில் தண்ணீர் வழிந்ததாம், உடனே அகல விளிம்புத் தொப்பி அவர் மனக்கண்ணில் தோன்றியதாம். ஐயா, அந்தச் செப்டம்பரில் டான்பரியில் ஒரு சொட்டு மழை இல்லை. டட்டிலும் மரத்தடியில் இல்லை. கொதிக்கிற கொப்பரையில் இரண்டு கையையும் வேகவைத்துக்கொண்டு, துணிக்கட்டோடு வீட்டில் கிடந்தார். அவர் மனைவிதான் கஞ்சி ஊட்டினாள்.

நானும் அவரும் ஒரே நாளில் ஒரே பட்டறையில் சேர்ந்தவர்கள். பதினொரு வருடம் ஒரே கொப்பரையில் முயல் ரோமத்தை நனைத்து, உருட்டி, சுருக்கித் தொப்பியாக்கினோம். நகம் உரிந்தது இருவருக்கும்தான். ஆனால் அவர் ஆற்றோரக் கொட்டகை ஒன்றைப் பிடித்துத் தனிப் பட்டறை போட்டு, தொப்பிக்குள்ளே தன் பெயரைத் தங்க எழுத்தில் ஒட்டிக்கொண்டார். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பொறாமையா என்று கேட்பீர்கள். பொறாமைதான். நான் செய்த தொப்பிக்குள்ளே இருந்தது முதலாளியின் பெயர்.

மேற்கே ஒரு வியாபாரிக்கு டட்டிலின் முதல் ஆறு டஜன் தொப்பி போக வேண்டும். விளிம்பு வெட்டுவது மட்டும் பாக்கி. கை வெந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆசாஹெல், உன் கத்திக்கு ஈடு இந்த ஊர்ல கிடையாதுப்பா. ரெண்டு விரல் அகலம் விட்டு வெட்டி, பெட்டியில போட்டு ஆணி அடிச்சிரு."

"நீ நிம்மதியா படு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். ஒன்றைக்கூட வெட்டவில்லை. விளிம்புகள் பன்றிக் காது மாதிரி தொங்கத் தொங்க அப்படியே அடுக்கி ஆணி அடித்தேன். ஒரு மாதத்தில் பெட்டி திரும்பி வரும், தங்க எழுத்து உரியும், டட்டில் மறுபடி என் பக்கத்தில் வந்து நிற்பார் என்று நினைப்பு. வந்தது பெட்டி இல்லை, கடிதம். மாடு மேய்க்கிறவர்கள் வெயிலிலும் மழையிலும் அதைத் தலையிலிருந்து எடுப்பதே இல்லையாம். இன்னும் அறுபது டஜன் வேண்டுமாம், விளிம்பு துளியும் குறையக் கூடாதாம்.

டட்டில் கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்: "வெட்ட மறந்துட்டியாப்பா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"சரி விடு, நல்லதுக்குத்தான்" என்று பெரிய மனுஷன் மாதிரி முதுகில் தட்டினார், ஐயா. தட்டின இடம் இன்னும் எரியுது. இப்போ அவருக்கு நூறு ஆளு, மூணு மாடி, புகைபோக்கியில கூட பேரு. எனக்கு அதே கொப்பரை.

ஆகவே வரும் வியாழக்கிழமை, அதே மூன்றாம் பக்கத்தில், டட்டில் படத்தின் அதே அளவில் என் படத்தையும் போட்டு, அந்தத் தொப்பியைப் பிறப்பித்தவன் ஆசாஹெல் பெக் என்று வெளியிடவும். என் யோக்கியதையைத் தொப்பித் தொழிலாளர் சங்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே சரக்கைக் கெடுத்த மூன்று பேருக்கு 'அழுக்கன்' என்று பெயர் வைத்து, எந்தப் பட்டறையிலும் கால் வைக்க விடாமல் விலக்கியபோது முதலில் கை தூக்கியவன் நான்.

தங்கள் பத்திரிகை தழைக்கவும், தங்கள் மனைவியார் சீக்கிரம் மாடிப்படி ஏறவும் கர்த்தரை வேண்டும்,
ஆசாஹெல் பெக்

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் மனைவி லவீனா இதை வாங்கிப் படித்தாள்.

"நீங்க கண்டுபிடிச்சதா இதுல எங்க இருக்கு? வேணும்னே கெடுத்ததாதானே இருக்கு? சங்கத்துல நாலாவதா யாருக்குக் கை தூக்குவாங்கன்னு யோசிச்சீங்களா?"

வீட்டில் வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். தயவுசெய்து மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். மழை பெய்தது உண்மை. மரமும் உண்மை. இடம் இருந்தால் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளவும்: அன்று அந்த மரத்தடியில், டட்டிலுக்குப் பக்கத்தில், நானும் நனைந்துகொண்டு நின்றேன்.