ரிட்டன் சாமி எனக்கு இறைத்த தண்ணீர்

திருவள்ளூரில் உயிரோடு நடமாடும் மனிதனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த ஒரே புரோகிதர் ரிட்டன் சாமிதான். அந்த மனிதன் நான். கோபம் இன்னும் தீரவில்லை.

அறுபதுகளின் கடைசி. நான் அரிசி மில்லில் மெக்கானிக். சாமி எதிர்வீடு. அமாவாசைக்கு அமாவாசை கோயில் குளத்தில் வெளியூர்க்காரர்களுக்குத் தர்ப்பணம் செய்து வைப்பார். மற்ற நாளெல்லாம் கதை எழுதி வாரப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பட்டும் என்று தன் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைப்பார். பதினோரு வருஷமாக அந்த உறைதான் திரும்பி வந்தது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "சாமி, ரிட்டன்" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

ஓர் ஆடி அமாவாசை. கும்பல் கலைந்த பிறகும் சாமி படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மந்திரத்துக்கு நடுவில் என் பெயர் கேட்டது. அடுத்து என் அப்பா பெயர்.

"இன்னா சாமி, யாருக்கு இது?"

"திரும்பி வந்த கதையில இருக்கறவாளுக்கு. படிக்க ஆளில்லாமப் போனவா. யாராவது ஜலம் விடணுமே."

"அதுல நான் எதுக்குக் கீறேன்?"

"பொய்ப் பேர் வெச்சா எனக்குப் பேனா ஓடறதில்லே, முனிரத்தினம்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்காக இன்னொரு கை தண்ணீர் விட்டார்.

மறுநாள் ஆரம்பித்தது. டீக்கடையில் என்னோடு நின்ற ஐந்து பேருக்கும் டீ வந்தது, எனக்கு வரவில்லை. கை காட்டினேன், பஸ் நிற்கவில்லை. டிரைவர் என் பக்கம் பார்த்தார். ஆனால் பார்த்தது எனக்குப் பின்னால் இருந்த சுவரை. மில்லில் மேஸ்திரி என் முன்னாலேயே, "முனிரத்தினம் இன்னிக்கு வர்ல போலகீது" என்றார். வீட்டுக்கு வந்தால், என் மனைவி பிள்ளைகளுக்குப் போட்டது போக மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

சாமி வீட்டுக்குள் புகுந்து கதையைப் பிடுங்கிப் படித்தேன். ஓர் அரிசி மில்லின் கதை. அதில் ஒரு மெக்கானிக், ஒவ்வொருவர் கண்ணிலிருந்தும் மறைந்துகொண்டே போகிறான். டீ, பஸ், மேஸ்திரி, சோற்றில் ஊற்றிய தண்ணீர் எல்லாம் இருந்தன. கடைசியில் கண்ணாடியிலும் அவன் முகம் இல்லை.

ஒரு வாரம் நான் சவரம் செய்துகொள்ளவில்லை.

சாமியும் வெளுத்துப்போனார். "அச்சுல வந்துட்டா நீ நிலைச்சுடுவே. அத்தனை பேர் உன்னைப் படிச்சப்புறம் நீ எப்படி மறைவே?"

"அப்ப ஒயுங்கா எழுது சாமி. கண்ணாடில மூஞ்சி தெரியணும், சொல்லிட்டேன்."

நான்கு முறை மாற்றி எழுதினார். எனக்குக் கதை என்றாலே பிடிக்காது. ஆனாலும் தபால்தலை வாங்கிக் கொடுத்து, தினமும் தபால்காரருக்காகத் தெருவில் நின்றேன். நான்கு முறையும் ரிட்டன். நான்காவது முறை தபால்காரர் என்மேல் மோதிவிட்டு, கம்பத்தில் இடித்துக்கொண்டவர்போல் நெற்றியைத் தடவிக்கொண்டு போனார்.

ஐந்தாவது முறை எழுதி அனுப்பியதற்கு, கதை இல்லாத மெல்லிய உறை வந்தது. 'கதை நன்று. மெக்கானிக் பாத்திரம் மட்டும் அவசியமில்லை. நீக்கி அனுப்பினால் வெளியிடுகிறோம்.'

சாமி அதை இரண்டு முறை படித்தார். நான் ஏதாவது சொன்னால் அவருக்குக் கேட்குமா என்று தெரியவில்லை. மாடத்திலிருந்து ஒரு கார்டை எடுத்து எழுதினார்: 'பாத்திரத்தை நீக்க இயலாது. அவர் எதிர்வீட்டில் குடியிருக்கிறார்.'

"இதைப் பெட்டியில போட்டுட்டு வா" என்று என் கண்ணைப் பார்த்து நீட்டினார்.

அதைப் போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நான் எல்லார் கண்ணிலும் பட ஆரம்பித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். அவர் கதை மட்டும் கடைசிவரை எங்கும் வரவில்லை. அப்படி ஒரு கடிதத்துக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்த மனிதர், பதில் எழுத ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.