காத்து சாரின் பின் இடது டயர்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் வீசுகிற காற்றில் பாதி, காத்து சாரின் பின் இடது டயருக்குள் ஒரு தடவையாவது போய்விட்டு வந்த காற்றுதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் அலுவலக வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதை நான் கண்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் வீடு ராஜபாளையத்தில். ஒற்றுமை அதோடு சரி.

அவருடையது பழைய கார். அதன் பின் இடது டயரில் மூன்று வருடமாக மெதுவாகக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. கழற்றி மாட்டலாம் என்றால் ஸ்டெப்னி கிடையாது. மம்சாபுரத்துக்காரர் ஒருவர் மாங்காய் ஏற்றிய வேனோடு நடுரோட்டில் நின்றபோது, காத்து சார் ஊர் பேர் கேட்காமல் ஸ்டெப்னியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அது திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு கூடை மாம்பழம் வருகிறது. எனக்கு இதுவரை ஒருத்தரும் ஒரு மாங்கொட்டைகூடக் கொடுத்ததில்லை.

காலையில் வீட்டருகே காற்று அடித்துக்கொண்டு, அலுவலகத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். பாதி வழியில் டயர் சப்பையாகிவிடும். அங்கே ஒரு பஞ்சர் கடை, அதை ஒட்டி ஒரு வடைக் கடை. காற்றுப் பிடிப்பதற்குள் ஆளுக்கு இரண்டு வடை. சாயங்காலமும் இதேதான். பஞ்சர் கடை பூட்டியிருந்தால், டிக்கியில் இருக்கும் கால் பம்பை எடுத்து வண்டியில் வருகிறவர்கள் முறை வைத்து மிதிப்பார்கள். அதற்கும் போட்டி!

நான் போன வருடம் புதுக் கார் வாங்கினேன். ஏ.சி. உண்டு, பாட்டு உண்டு. அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மாவிடம், "என்கூட வாங்களேன், குளுகுளுன்னு போயிரலாம்" என்றேன்.

"இல்ல சார், நாங்க காத்து சார் வண்டியிலயே வாரோம். இன்னைக்குப் பம்பு மிதிக்கிறது என் முறை."

எனக்கு வயிறு எரிந்தது. அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு, நகையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. அடுத்தவன் பஞ்சரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான்.

இந்த நிலையில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம். பத்தரைக்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா வத்திராயிருப்புக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வந்து தெருமுனையில் காத்திருந்து, சரியான நிமிடத்தில் கதவைத் தட்டியவர். அப்படிப்பட்டவரை வாசலில் நின்று வரவேற்க வேண்டியவன் நான்.

அன்று காலை குடும்பத்தோடு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கார் இடது பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் டயரில் ஒரு ஆணி. மெல்லக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. என் காரிலும் ஸ்டெப்னி கிடையாது. "இப்பல்லாம் யாரு சார் ஸ்டெப்னி வைக்கா?" என்று சொல்லி, விற்றவர்கள் ஒரு சின்ன மோட்டார் பம்பும் ஓட்டையை அடைக்க ஒரு பாட்டில் பசையும் கொடுத்திருந்தார்கள். பழத்தட்டுகளுக்கு இடம் வேண்டுமென்று இரண்டையும் காலையில் நானேதான் வீட்டில் இறக்கி வைத்தேன்.

"காத்து அண்ணனுக்குப் போன் போடுங்க" என்றாள் என் மனைவி.

"அவருக்கா? நான் செத்தாலும் போட மாட்டேன்."

"நல்ல நாளும் அதுவுமா பேசுத பேச்சா இது?"

பட்டுச்சேலையில் மகள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் குறடை எடுத்து ஆணியைப் பிடித்தேன். ஒரு இழுப்பு இழுத்திருப்பேன்.

"ஏலே! ஆணியத் தொடாத!"

காத்து சார். மண்டபத்துக்குப் போகிற வழியில், பாதி அலுவலகத்தை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"அந்த ஆணிதாம்ல ஓட்டைய அடைச்சிட்டு நிக்கி. புடுங்குனேன்னா காத்து பூராவும் போயிரும், பொறவு நடந்துதான் போவணும். அப்படியே விடு." டயரை விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்த்தார். "பாதி இருக்கு. பஞ்சர் கடை வரைக்கும் போவ இது போதாது. எடுங்க பம்ப!"

பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக ஐந்து பேர் முறை வைத்து மிதித்தார்கள். அதுவரை கண் கலங்கியிருந்த என் மகள், காத்து சார் வேட்டியை மடித்துக் கட்டிக் குதித்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான்.

ஒட்ட நேரமில்லாததால் பஞ்சர் கடையில் மறுபடி காற்று மட்டும் பிடித்துக்கொண்டு, அவர் பின்னாலேயே போனேன். மண்டப வாசலில் பத்தே காலுக்குச் சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். என்னிடம் "வாங்க" என்றார். காத்து சாரைக் கண்டதும், "வாங்க, வாங்க, வாங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவியளத் தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"ஒரு நாள் பஸ்ஸ விட்டுட்டு நின்னேன். சார்தான் ஏத்திட்டு வந்தாவ. நானுந்தான் பம்பு மிதிச்சிருக்கேன்!"

தட்டு மாற்றியாயிற்று. சாயங்காலம் மனைவியையும் மகளையும் மைத்துனர் காரில் அனுப்பிவிட்டு, டயரை ஒட்டப் பஞ்சர் கடையில் தனியாக நின்றேன்.

"காத்து சாருக்கும் சேத்து ஒட்டிக் கொடுத்திரக் கூடாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "அது பஞ்சரே இல்ல சார். வால்வுப் பின்னு தேஞ்சிருக்கு. செத்த நேர வேலை. மாத்தித் தாரேம்னு எம்புட்டோ தடவ சொல்லியாச்சு. 'மாத்திட்டா நான் எங்க நிக்க?'ன்னு கேக்காவ."

இருபது வருடமாக இந்த வழியில் ஒரு இடத்திலும் நிற்காமல் போய் வருகிறவன் நான். காலையில் நின்ற அந்த ஒரு தடவைதான் என் வண்டியைச் சுற்றி இத்தனை பேர் நின்றார்கள்.

"ஆணியப் புடுங்கி ஒட்டிரட்டுமா சார்?"

"வேண்டாம் அண்ணாச்சி. காத்து மட்டும் அடிங்க. நாளைக் காலையில அவிய இங்க நிக்கும்போது, நானும் வந்து நிக்கேன்."