பிறவாத சவரியப்பனுக்கு நான் பாடிய இரங்கற்பா

மாதாகோயில் தெரு,
பண்ணைப்புரம் வழி, தேனி மாவட்டம்.
தூய ஆவியார் பெருவிழாவின் மறுநாள்.

என் துணைவியின் இளைய உடன்பிறப்பும், திருமண அழைப்பிதழ், அஞ்சலிச் சுவரொட்டி, துப்பறியும் நாவல் ஆகிய மூன்றையும் தேனியில் ஒரே இயந்திரத்தில் அச்சிட்டு வாழ்பவருமாகிய மைத்துனர் ஸ்டான்லி அவர்களுக்கு, வித்வான் ச. வியாகுலம் வரையும் மடல்.

எல்லாம் வல்ல இறைவனின் இரக்கம் தங்கள் இல்லத்தின் மீதும் அச்சகத்தின் மீதும் பொழிவதாக. அச்சகத்தின் மீது சற்றுக் கூடுதலாகப் பொழிய வேண்டுமெனத் தனியாகவும் மன்றாடியிருக்கிறேன். அங்கே தேவை அதிகம். இங்கே நானும், தங்கள் தமக்கை மதலேனாளும், மகன் செல்வினும், மருமகள் அனிதா மேரியும் உடல்நலத்துடன் இருக்கிறோம். என் மானத்தின் நலம் குறித்தே இம்மடல்.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனிதா மேரி எழுதி, தாங்கள் வெளியிட்டிருக்கும் 'ஏலக்காய் மூட்டையில் ஒரு பிணம்' என்னும் நாவலின் பின்னட்டையிலிருந்து என் இரங்கற்பாவைத் தாங்கள் உடனே நீக்க வேண்டும்.

கொலைக்கதை மீது எனக்குப் பகையில்லை. மனிதகுலத்தின் முதல் சாவே கொலைதான் என்கிறது மறைநூல். வயல்வெளியில் அண்ணன் தம்பியைக் கொன்றான், சாட்சியில்லை. துப்பறிய வந்தவர் கடவுள். தம்பியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டு வழக்கை முடித்துவிட்டுப் போனார். தாங்கள் வெளியிட்ட நாவலின் காவல் ஆய்வாளரோ புத்தகம் முழுவதும் தேநீர் குடிக்கிறார். அது இலக்கியக் குறை, மன்னிக்கலாம். எனக்கு நேர்ந்தது வேறு.

நான் யார் என்பது தங்களுக்குத் தெரியும், ஆயினும் மறந்துவிட்டீர்களோ என்ற ஐயத்தால் எழுதுகிறேன். நம் கோயில் பங்கில் இறந்த எவரும் என் பாட்டில்லாமல் கல்லறைக்குப் போனதில்லை. அடக்கப் பூசை முடிந்ததும் பெட்டியின் தலைமாட்டில் நின்று இரங்கற்பா வாசிப்பேன். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூக்குவார்கள். குடிகாரனைப் பாடும்போது அவன் குரல்வளத்தைப் பாடினேன். கஞ்சனைப் பாடும்போது அவன் எளிமையைப் பாடினேன். பொய் சொன்னதில்லை, எதைப் பாடுவது என்று தெரிந்தெடுத்தேன், அவ்வளவே. அடுத்த தெரு சந்தனம்மாள் தம் பாட்டை உயிரோடிருக்கும்போதே கேட்டாக வேண்டுமென்று என்னை வரவழைத்து, கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. கடைசி அடியில எம்மருமகளையும் ஒரு வார்த்த சேத்துருய்யா, இல்லாட்டி நாளைக்கிக் கஞ்சி ஊத்த மாட்டா" என்று திருத்தமும் சொன்னார். அவ்வளவு மதிப்பு இருந்தது எனக்கு. இருந்தது.

தவக்காலத்தில் ஒருநாள் காலைப் பூசைக்குப் போகிறேன், கோயில் வளைவின் தூணில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறது. போடி ஏலக்காய் வியாபாரி சவரியப்பன் அவர்கள் அகால மரணம். நடுவில் மீசையும் சந்தன நிறச் சட்டையுமாக ஒரு முகம். நாம் அனைவரும் எங்கேயோ பார்த்திருக்கக்கூடிய முகம். கீழே 'கண்ணீருடன்' என்று மனைவி, இரு தம்பிகள், கணக்கப்பிள்ளை ஆகியோரின் படங்கள் வரிசையாக இருந்தன. அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி இருந்தது. அது என் மூக்குக்கண்ணாடிக்கு எட்டவில்லை. 'இவர்களுள் கொன்றவர் யார்? விடை நாவலில்' என்பது அந்த வரி என்று எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. ஊரில் உண்மையாகவே சாகிறவர்களுக்கு எந்தச் சட்டகத்தில் அஞ்சலி அச்சிடுகிறீர்களோ அதே சட்டகம், அதே கறுப்புக் கரை, அதே இரு குத்துவிளக்கு. விளம்பரமென்று எவர் கண்டார்?

தெரியாதவர் என்று நான் ஒதுங்கியிருப்பேன். ஆனால் செத்தவரைத் தெரியாது என்று சொல்வது நம் ஊரில் மரியாதைக் குறைவு. மணியடிக்கும் கோயில்பிள்ளை பெனடிக்ட் சுவரொட்டியைப் பார்த்துத் தலையிலிருந்த துண்டை எடுத்தார்.

"அட, நம்ம சவரியப்பனா? தங்கமான மனுசன்யா. எங்கப்பா மலையிலருந்து எறங்குறப்ப ஜீப்புல ஏத்திக் கொண்டாந்து இங்கன விட்டுட்டுப் போனாக."

"காசு வாங்கலையா?" என்றார் தேநீர்க்கடைக் கர்ணன்.

"பச்சத்தண்ணி கூடக் குடிக்கல."

"ஆமா, குடிக்க மாட்டாக. எங்கடைக்கி வந்தாலும் நின்னுக்கிட்டேதான் பேசுவாக."

வீட்டுக்கு வந்து சொன்னால் தங்கள் தமக்கை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "அவுக சம்சாரம் ஒல்லியா இருக்கும். எங்கிட்ட நல்லாப் பேசும். இனி அது என்ன பண்ணும் பாவம்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இத்தனை சாட்சிகள் இருக்கையில் நான் எப்படி ஐயுறுவது? பெனடிக்ட் துக்கமணி அடித்தார். பங்குத்தந்தை ஜஸ்டின் சாமி அன்று மாலைப் பூசையையே சவரியப்பனின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒப்புக்கொடுத்தார். நான் உண்ணாமல் இருந்து பாட்டு எழுதி, பூசை முடிவில் ஒலிபெருக்கியில் வாசித்தேன்.

ஏலம் மணக்கும் இருகை வள்ளல்
மலைபல கடந்தும் மனைமற வாதோன்
சென்ற இடமெலாம் சிறுவர்க்குத் தந்தை

என்று தொடங்கும் அப்பாட்டைக் கேட்டுக் கோயிலே தேம்பியது. மூன்றாம் வரிசையில் அனிதா மேரி முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள். இளகிய மனம் என்று எண்ணி, அவளுக்காகவே கடைசி அடியை இன்னொரு முறை வாசித்தேன்.

அவள் கதை எழுதுவது எனக்குத் தெரியும். என்ன கதை என்று தங்களைக் கேட்டபோது, "பாவம், மரணம், நியாயத்தீர்ப்பு, இதப் பத்தித்தான் மச்சான்" என்றீர்கள். நான் மகிழ்ந்து அவளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பேனாவால்தான் கொன்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

"மாமா, அவரு செத்துட்டாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"சுவரொட்டி சொன்னது."

"அவரு பொறக்கவே இல்ல மாமா. நாந்தான் மூணாம் அத்தியாயத்துல மூட்டைக்குள்ள வச்சேன்."

இந்த இடத்தில் ஒரு மாமியார் என்ன கேட்க வேண்டும்? தங்கள் தமக்கை, "யாருடி கொன்னது?" என்றார்.

"அதச் சொன்னா புத்தகம் விக்காது அத்த."

அன்றிலிருந்து மதலேனாள் அந்நாவலைச் சத்தம் போட்டு வாசிக்க, நான் கேட்கும்படி ஆயிற்று. கத்தரிக்காய் நறுக்கியபடி வாசித்தார்; விறுவிறுப்பு ஏறிய இடங்களில் கத்தரிக்காய் அப்படியே கிடந்தது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொலைகாரர் இன்னாரென்று தீர்ப்பு வேறு. "இந்தக் கணக்கப்பிள்ள எந்தம்பி ஸ்டான்லி மாதிரியே சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான். இவந்தேன்." அதில்தான் அறிந்தேன், நான் வள்ளலென்று பாடிய சவரியப்பனுக்குப் போடியில் ஒரு குடும்பம், குமுளியில் ஒரு குடும்பம், நெடுங்கண்டத்தில் ஒரு குடும்பமாம். என் மூன்றாம் அடியை நினைத்துக்கொண்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜஸ்டின் சாமியிடம் ஓடினேன். பிறக்காத ஒருவருக்கு ஒப்புக்கொடுத்த பூசை எங்கே போய்ச் சேரும் என்று கேட்டேன்.

"திருப்பி வாங்க முடியாதுங்கய்யா. யாராச்சும் நாதியத்த ஆத்துமாவுக்குப் போயிருக்கும்."

"சவரியப்பன் என்று பெயர் சொல்லி அல்லவா அனுப்பினோம்?"

"அங்கன பேரு கேக்க மாட்டாக. நீங்க போயிச் சாப்புடுங்க."

இதோடு விட்டிருக்கலாம். நீர் விட்டீரா? எவனோ கைப்பேசியில் பதிந்த என் குரலை வாங்கி, சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் கடை போட்டு, ஒலிபெருக்கியில் போட்டீர். போய்வந்த கர்ணன் கடை வாசலில் என்னை நிறுத்தி, "ஐயா, ஒங்க குரலு ராட்டினத்துல சுத்துதுய்யா" என்றார். மேலே போனவர்கள் 'மலைபல கடந்தும்' வரும்போது சிரித்தார்களாம். கீழே வந்தவர்கள் 'சிறுவர்க்குத் தந்தை' வரும்போது சிரித்தார்களாம். நாவல் விற்றுத் தீர்ந்தது. மறுபதிப்பின் பின்னட்டையில் என் பாட்டு முழுவதும் அச்சேறியது. அதன் தலைப்பில், 'வித்வான் ச. வியாகுலம் அவர்கள் கதறியழுது பாராட்டிய கொலை.' நான் கதறவில்லை ஐயா. என் குரல் இயல்பிலேயே அப்படி.

சிரித்தவர் சிரிக்கட்டும் என்று இருந்தேன். சென்ற வாரம் சந்தனம்மாள் இறந்தார். காலையில் கஞ்சி குடித்தார், ஜெபமாலையைக் கையில் எடுத்தார், சாய்ந்தார். எவரும் பொறாமைப்படும் சாவு. அவரே திருத்திக் கொடுத்த பாட்டை நல்ல தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே அவர் மகன் லூர்துநாதன் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனான். என்னிடம் தமிழ் படித்த பிள்ளை.

"ஐயா, கோவிச்சுக்கிறாதீக. பாட்டு வேணாம்."

"ஏன் லூர்து? ஆத்தா கேட்டு வாங்கிய பாட்டப்பா இது."

"எங்காத்தா நல்லபடியா செத்துருக்காக. நீங்க பாடுனா, யாரு கொன்னதுன்னு ஊருக்குள்ள கேப்பாக."

"யார் கேட்பார்?"

"இப்பவே கேக்குறாகய்யா. நீங்க தெருவுல திரும்புனதப் பாத்ததுமே எம்பொண்டாட்டிய ஒரு மாதிரியாப் பாக்குறாக."

கதவுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி, "அந்தக் கஞ்சி நாந்தேன் காச்சுனேன்" என்று சொல்லி அழுதாள். அவளைத்தான் கடைசி அடியில் புகழ்ந்திருந்தேன் என்பதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

சந்தனம்மாள் பாட்டில்லாமல் போனார், ஸ்டான்லி. பெட்டியின் தலைமாட்டில் நான் நிற்கும் இடத்தில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். கல்லறையில் மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டு சட்டைப்பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. வழியில், நெடுங்காலமாகப் படுக்கையில் கிடக்கும் ஒருவர் எனக்குச் சொல்லியனுப்பியதாகப் பெனடிக்ட் தெரிவித்தார்: "வியாகுலம் ஐயா மேல எனக்கு மரியாத உண்டு, ஆனா நான் இயற்கையாத்தான் சாவப்போறேன்." கேட்டாயா?

ஊருக்கெல்லாம் பாடினேன். என் தலைமாட்டில் நின்று யார் பாடுவது என்ற கவலை எனக்குப் பல காலமாக உண்டு; அதை மதலேனாளிடம்கூடச் சொன்னதில்லை. செல்வின் கைகூப்பும் படம் ஒன்றை வாட்ஸ்ஆப்பில் போடுவான். அவனறிந்த இலக்கணம் அவ்வளவுதான். இப்போது மற்றவர்க்குப் பாடும் வேலையையும் நீ பறித்துவிட்டாய். உயிரோடிருக்கும் என்னை ராட்டினத்தில் சுற்றவிட்டு, சாகிறவர்களிடமிருந்து என்னைப் பிரித்துவிட்டாய். ஆகவே இதுவே என் இறுதி எச்சரிக்கை. பின்னட்டையை மாற்று. ஒலிபெருக்கியை நிறுத்து. அந்தப் பதிவை அழி. தவறினால் கிறிஸ்துமஸ் அன்று உனக்கு இந்த வீட்டில் குழம்பு உண்டு, கறி இல்லை. மருமகளை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்; அவள் பிள்ளை, நன்றாகத்தான் எழுதுகிறாள். கொல்லும் முன் ஒரு பத்தி முழுக்க ஏலக்காய் வாசம் வருகிறது. குற்றம் அனைத்தும் உன்னுடையது.

இனியும் நீட்டுவது என் வயதுக்கு அழகன்று. இறைவன் தங்களுக்குத் தெளிந்த கண்ணும், கசியாத மையும், தாமதமாகவேனும் வெட்கமும் அருள்வாராக. தங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. நாவலின் அடுத்த பதிப்பில் பின்னட்டை வெறும் வெள்ளையாக வந்ததைக் கண்ணால் கண்ட பிறகே என் கை தங்களை வாழ்த்த உயரும்.

தங்கள் தமக்கையின் கணவர்,
வித்வான் ச. வியாகுலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் அனிதா மேரி தேநீர் கொண்டுவந்தாள். அடுத்த நாவலில் சாகப்போவது யார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியராம். ஊரில் இறந்தவர்க்கெல்லாம் இரங்கற்பா பாடியவராம். முதல் அத்தியாயத்திலேயே மணிக்கூண்டின் அடியில் கிடக்கிறாராம். "கோவமா மாமா?" என்றாள். "அவருக்கு யாரம்மா பாடுகிறார்கள்?" என்றேன். "அதான் தெரியல மாமா. அந்த எடத்த மட்டும் எழுதாம விட்டு வச்சிருக்கேன்."

ஆகவே பின்னட்டையில் தாங்கள் எதையும் நீக்க வேண்டாம். அந்த எழுதாத இடத்துக்கான பாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். நெடுநாளாகவே கைவசம் இருந்தது. அஞ்சலிச் சுவரொட்டிக்குக் கண்ணாடி அணியாத என் படத்தையும் வைத்திருக்கிறேன். 'கண்ணீருடன்' வரிசையில் லூர்துநாதனைப் போடவும், பெரிதாக. அடியிலுள்ள வரி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. ஜஸ்டின் சாமி பூசை வைத்துவிட்டால் வைக்கட்டும், நாதியற்ற ஆன்மா இன்னொன்று கரையேறும். ராட்டினத்தில் போட வேண்டிவரும் என்பதால் இம்முறை நிதானமாக வாசித்துப் பதிந்து அனுப்புகிறேன்.

கொலைகாரர் யாரென்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லையாம். தேனியில் அச்சகம் நடத்தும் மைத்துனர் ஒருவரைப் பரிந்துரைத்திருக்கிறேன். அடுக்களையிலிருந்து தங்கள் தமக்கையின் குரல் வந்தது: "நாந்தேன் மொதல்லயே சொன்னேன்ல."