மனைவிக்காக எழுதிய ஏழு பக்கத் தன்விவரம்

இக்கதையைச் சென்ற மழைக்காலத்தில், கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் கட்டித் தரும் அம்மையார் ஒருவர், பசை காயும்வரை பேச்சுத் துணையாக எனக்குச் சொன்னார். கதையில் வரும் கணவரின் தொழிலை மரக்கடை என்று சொல்வோரும் உண்டு. அம்மையார் பெயிண்ட் கடை மேலாளர் என்றார். அதையே இங்குக் கொள்கிறேன்.

அந்த மேலாளருக்கு உலகில் இரண்டே இன்பங்கள். மதியம் வீட்டுக்கு வந்து ஆவி பறக்கும் சோற்றை உண்பது ஒன்று. உண்ட மயக்கத்தில் ஊர் அதிரக் குறட்டை விடுவது மற்றொன்று. மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போன மறுவாரமே இரண்டின் தலையிலும் கல் விழுந்தது.

"ஏங்க, பல் ஆஸ்பத்திரியில வரவேற்புக்கு ஆள் கேட்டிருக்காங்க. போகலாம்னு இருக்கேன்."

"போயேன்! யாரு வேணாங்கறா?"

"காலையில போனா, வீட்டுக்கு வர பொழுது சாஞ்சிடும்."

மதியத்துச் சூடான சோறு இனி இல்லை என்று கணவருக்கு விளங்கியது. மனைவியிடம் வேண்டாமென்று சொல்லிப் பழகாதவர் அவர். ஆகவே சூழ்ச்சியில் இறங்கினார்.

"பயோடேட்டா நான் எழுதித் தரேன். அதெல்லாம் ஒரு கலை. உனக்கு வராது."

"வராதுதாங்க," என்று மனைவி உடனே ஒப்புக்கொண்டார். அந்த இடத்திலேயே கணவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாலையில் தெருமுனை ஜெராக்ஸ்காரரை ஓரமாக அழைத்தார். "எந்த மாதிரி பயோடேட்டாவைப் படிக்காமலே தூக்கிப் போடுவாங்க?"

"நீளமா இருந்தாப் போதும் சார். ஒரு பக்கம்னா படிப்பாங்க. ரெண்டுன்னா புரட்டுவாங்க. அதுக்கு மேல போனா டீ கிளாஸுக்கு அடியில வைப்பாங்க."

கணவர் ஏழு பக்கம் எழுதினார். பொறுமையில் பூமி என்றார். கணக்கில் கம்ப்யூட்டர் என்றார். குரலில் குயில் என்றார். மூன்றாம் பக்கத்தில் பொய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி உண்மையை எழுதத் தொடங்கினார். குடியிருப்பின் லிஃப்ட் பழுதானபோது, மாதக்கணக்கில் தட்டிக்கழித்த கம்பெனியை மனைவி ஒரே தொலைபேசிப் பேச்சில் ஓடிவரச் செய்தது. சண்டையிட்டிருந்த மாடிவீட்டாரையும் கீழ்வீட்டாரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தது. உண்மைக்கு மட்டுமே நான்கு பக்கங்கள் ஆனது கண்டு அவருக்கே வியர்த்தது.

மனைவி நிதானமாகப் படித்தார்.

"இதெல்லாம் என்னைப் பத்தியா? இத்தனை வருஷம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"மனசுக்குள்ள இருந்துச்சு."

"அப்போ கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. போன் நம்பரும் எழுதுங்க."

"உன் பயோடேட்டாவுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"எழுதினவர் யாருன்னு தெரிய வேணாமா? உங்க கையெழுத்தே தனி அழகு."

புகழ்ச்சி வேலை செய்தது. சுழித்துச் சுழித்துப் போட்டார்.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம், கையில் சோறும் கண்ணில் தூக்கமுமாக அவர் இருக்கையில் கைபேசி ஒலித்தது. கணவரின் கை எச்சில். மனைவியே ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சார், பல் ஆஸ்பத்திரி மேனேஜர் பேசறேன். உங்க மனைவி ஒரே பக்கத்துல பயோடேட்டா கொடுத்திருக்காங்க. அளவா, அழகா இருக்கு."

"ஒரே பக்கமா?"

"ஆமா. கூடவே, கடைசியா வேலை பார்த்த இடத்துலேருந்து வாங்கின சான்றுன்னு நீங்க எழுதின ஏழு பக்கத்தையும் வச்சிருக்காங்க."

"அவ்வளவையும் யாரு படிப்பா, விடுங்க!"

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? ஏழு பக்க பயோடேட்டான்னா தொடமாட்டோம். ஒரு புருஷன் பொண்டாட்டியைப் புகழ்ந்து ஏழு பக்கம் எழுதினா விடுவோமா? டாக்டர் பல்லு பிடுங்கறதை நிறுத்திட்டுப் படிச்சார். எல்லாம் உண்மைதானே?"

கணவர் நிமிர்ந்தார். எதிரே மனைவி, கையில் கரண்டி.

"உண்மைதாங்க."

"எல்லாமே?"

கரண்டி சற்று உயர்ந்தது.

"எல்லாமே!"

"ரொம்ப சந்தோஷம். இவங்களை எப்ப ரிலீவ் பண்றீங்க?"

கணவர் வாய் திறக்குமுன் மனைவி சொன்னார்: "திங்கக்கிழமைன்னு சொல்லுங்க."

"திங்கக்கிழமை," என்றார் கணவர்.

அழைப்பு முடிந்ததும் ஈனக்குரலில் கேட்டார்: "நான் நீளமா எழுதினது எதுக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஒரு பக்கத்தை நான் எங்க பிரிண்ட் எடுத்தேன்னு நினைச்சீங்க? தெருவுக்கே ஒரு ஜெராக்ஸ் கடைதான். சாப்பிடுங்க, ஆறுது."

புத்தகம் கட்டும் அம்மையார் இவ்விடத்தில் நிறுத்தினார். வேறொரு வடிவமும் வழங்குகிறது. அதில் கணவர் தொலைபேசியில், "அனுப்ப முடியாது!" என்று முழங்க, மனைவி வாயடைத்து வீட்டிலேயே தங்கிவிடுகிறார். அவ்வடிவத்தைச் சொன்னவர்கள் அனைவரும் ஆண்கள். மனைவியர் அலுவலகம் போயிருந்த வேளையில், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார்கள்.