எட்டுச் சாண் குளம்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. தாகம் எடுத்த விலங்குகள் நேரே போய்க் குடித்துவிட்டு வந்தன. இது பெரிய ஒழுங்கீனம் என்று காட்டு நிர்வாகத்துக்குப் பட்டது. உடனே நீரருந்தும் தகுதித் தேர்வைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் ஐம்பது கேள்விகள். நாற்பது சரியாக இருந்தால் ஒரு வருடத்துக்குக் குடும்பத்தோடு குடிக்கலாம். முப்பத்தொன்பது என்றால் வேர்க்கிழங்கைச் சப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

செங்கமலம் என்ற முள்ளம்பன்றிக்கு இரண்டு குட்டிகள். பாஸ் செய்தே ஆகவேண்டும் என்று நரி ஏகாம்பரம் மாஸ்டரின் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள்.

“சதவீதக் கணக்கு வந்தா யோசிக்கவே யோசிக்காதீங்க. ஐம்பது குறைஞ்சுது, அப்புறம் ஐம்பது கூடிச்சு. ரெண்டையும் அடிச்சிடுங்க. மாற்றமில்லை. அஞ்சே செகண்டு,” என்றார் மாஸ்டர்.

“எதுல ஐம்பது மாஸ்டர்?” என்று செங்கமலம் கேட்டாள்.

வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. “இப்படிக் கேக்குறவங்கதான் மூணு தடவை எழுதுறாங்கம்மா,” என்றார் மாஸ்டர்.

தேர்வு வந்தது. ‘குளக்கரையை நரிகளுக்கும் மற்றவர்களுக்கும் 7:3 என்ற விகிதத்தில் பிரித்தால்’ என்று தொடங்கிய கேள்வி, கேள்வியா அறிவிப்பா என்று அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் போட்டுவிட்டாள். கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: ‘நம் குளத்து நீர் கோடையில் 50 சதவீதம் குறைந்தது. மழையில், இருந்த நீர் 50 சதவீதம் கூடியது. மொத்த மாற்றம் என்ன?’

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குளம் அவளுக்குத் தெரியாதா? கரைப் பாறையில் எட்டுச் சாண் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. கோடையில் நீர் நாலு சாணுக்கு இறங்கியது. மழையில் அந்த நாலில் பாதி, அதாவது ரெண்டு சாண், ஏறியது. இப்போது ஆறு. ‘25 சதவீதம் குறைவு’ என்ற கட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

முப்பத்தொன்பது மதிப்பெண் வந்தது. விடைக்குறிப்பில் ‘மாற்றமில்லை’ என்று இருந்தது.

விடையை ஆட்சேபிக்கக் கட்டணம் பத்து முட்கள். தன் முதுகிலிருந்து பிடுங்கிக் கொடுத்தாள். உயிர் போகிற வலி. தேர்வுக் குழுத் தலைவரான யானையைக் குளத்துக்கே அழைத்துப்போய்ப் பாறையைக் காட்டினாள்.

“ஐயா, கோட்டைப் பாருங்க. தண்ணியைப் பாருங்க. ரெண்டு சாண் கம்மியா இருக்கா இல்லையா?”

யானை நெடுநேரம் பார்த்தது. அதற்குக் கண் நன்றாகவே தெரியும். “நீ சொல்றது சரிதாம்மா,” என்றது.

செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. குட்டிகளின் காய்ந்த வாய் கண்முன் வந்து போனது.

“ஆனா விடைக்குறிப்பு காடு முழுக்கப் போயாச்சு. பாஸானவங்க ஊர்வலம்கூட போயிட்டாங்க. குளமோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எதைத் திருத்துறது சுலபம், நீயே சொல்லு,” என்றது யானை.

மறுநாள் வெள்ளைக் கோட்டை அழித்து, ஆறு சாணில் புதிதாகப் போட்டார்கள். நீர் கோட்டைச் சரியாகத் தொட்டது. மாற்றமில்லை.

குளம்தான் குறையவில்லையே என்று சிங்கத்தின் குளியல் தொட்டிக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். நீர் இறங்க இறங்கக் கோட்டையும் இறக்கினார்கள். செங்கமலம் அந்த வருடம் முழுவதும் கிழங்கின் ஈரத்தில் குட்டிகளை வளர்த்தாள். அடுத்த தேர்வில் அதே கேள்வி வந்தது. அவள் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ‘மாற்றமில்லை’ என்று போட்டாள்.

ஐம்பதுக்கு ஐம்பது. பயிற்சி மைய வாசலில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அனுமதி அட்டையை வாயில் கவ்விக்கொண்டு, குட்டிகளோடு குளத்துக்கு ஓடினாள்.

வெள்ளைக் கோடு இப்போது குளத்தின் அடித்தரையில் இருந்தது. சேறு அதைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது.

காவலுக்கு நின்ற உடும்பு அட்டையில் முத்திரை குத்தியது. “குளம் நிறைஞ்சிருக்கும்மா. பிள்ளைங்களை வயிறு முட்டக் குடிக்கச் சொல்லுங்க.”

நீதி: தேர்வில் சரியான விடையை எழுதாதீர்கள், விடைக்குறிப்பில் உள்ளதை எழுதுங்கள். அதற்குப் பிறகும் தாகம் எடுத்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.