பூமணி மாமியின் விசாரணைப் பெட்டி

எங்கள் ஆட்களின் கலியாணத்தில் தாலி கட்ட ஒரு நிமிடம் போதும். விசாரித்து முடிக்கத்தான் மாதக்கணக்காகும். சாதகம் பொருந்தினால் மட்டும் காணாது. பெண் வீட்டுக்கு அடுத்த வீட்டில் விசாரிக்கவேண்டும், முன்வீட்டில் விசாரிக்கவேண்டும், அவர்கள் மரக்கறி வாங்கும் கடையில் விசாரிக்கவேண்டும். கேட்பவர் "நாங்கள் கேட்டதெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றுதான் வாயைத் திறப்பார். பதில் சொல்பவரும் "நான் சொன்னதெண்டு வெளியில போகக்கூடாது" என்றுதான் தொடங்குவார். இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் கொழும்பு வெள்ளவத்தையில் பாதிக் கலியாணங்கள் நிச்சயமாகின, மற்றப் பாதி குழம்பின.

காதோடு காதாக நடந்த இந்தச் சங்கதியை, உலகம் முழுக்கப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவைத்த முதல் முட்டாள் நான்தான். (வேறு யாராவது இந்தப் பட்டத்துக்கு உரிமை கோரினால் விட்டுக்கொடுக்கத் தயார்.)

சமாதானப் பேச்சு இழுத்துக்கொண்டு கிடந்து, கொழும்பில் ஆமியும் பொலிசும் மறுபடியும் வீடுவீடாகச் செக்கிங் தொடங்கியிருந்த காலம். நான் காலி வீதியில் ஒரு கொமியூனிகேசன் கடையில் வேலை பார்த்தேன். முன்னால் வெளிநாட்டுக்குக் கதைக்கும் தொலைபேசிக் கூண்டுகள், பின்னால் வரிசையாகக் கொம்பியூட்டர்கள். ஒரு குறுகிய காலக் கோர்ஸ் படித்துவிட்டு, 'வெப் டிசைனர்' என்று விசிற்றிங் கார்டும் அடித்து வைத்திருந்தேன். டிசைன் பண்ணத்தான் யாரும் வெப்தளம் தரவில்லை.

அகப்பட்டவர் அப்பாவின் தங்கை, பூமணி மாமி. மாமி கலியாணம் பேசுபவர். அவருடைய கைப்பையில் இருந்த பெண்களின் படங்களைப் பரப்பினால் ஒரு மண்டபத்தை நிரப்பலாம். லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் பெடியன்களின் தாய்மார் அவருக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். மாமி உடனே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவார், களுபோவிலைக்குப் போவார், இரத்மலானைக்குப் போவார், விசாரித்துவிட்டுக் கால் வீங்கிப்போய் வருவார்.

"மாமி, இனி நீங்கள் அலையத் தேவையில்லை," என்றேன். "எல்லாற்ற படத்தையும் இன்ரநெற்றில போடுவம். ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஒரு பெட்டி வைப்பன். அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் தெரிஞ்சதை எழுதலாம். பேர் போடத் தேவையில்லை."

"கால் உளைவும் இல்லையோ?" என்றார் மாமி.

"கால் உளைவும் இல்லை."

மாமி கைப்பையை அப்படியே என் மடியில் கவிழ்த்தார். படத்தில் இருந்த பெண்களிடம் கேட்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெயரின் முதல் எழுத்து, ஊர், படிப்பு, தகப்பனின் உத்தியோகம் எல்லாவற்றையும் போட்டேன். முழுப் பெயரை மறைத்துவிட்டதால் இரகசியம் காக்கப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். (படம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.) கீழே இருந்த பெட்டிக்கு 'விசாரணைப் பெட்டி' என்று பெயரும் வைத்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. "சரியான அடக்கமான பிள்ளை", "குடும்பம் தங்கமான குடும்பம்" என்று எழுதினார்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பிள்ளைகளின் தாய்மார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் கடைக்கு வந்து என்னிடம் எந்த எழுத்து எங்கே என்று கேட்டுக் கேட்டுத்தான் அடித்தார்கள். சொந்த மகளைப் புகழ்ந்து முடிந்ததும், அடுத்த பக்கத்துக்குப் போய் மற்றப் பிள்ளையின் மூக்குக்கண்ணாடியின் தடிப்பைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார்கள். தளத்தைப் பார்த்தவர்களின் தொகை ஏறிக்கொண்டே போக, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் 'த., கொட்டாஞ்சேனை, சட்ட மாணவி' என்ற படத்தின் கீழ் ஒரு வரி வந்தது.

"இவையின்ர மூத்த பெடியன் இப்ப எங்க எண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ."

அவ்வளவுதான். ஆனால் அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டைப் பற்றி இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: பெடியன் புலிகளோடு சேர்ந்துவிட்டான். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்று பொலிசில் பதிந்து, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சனம் வாழ்ந்த காலம். அந்த மூத்த பெடியன் உண்மையில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் பணம் கட்டிப் பிரான்சுக்குப் போய், விசா இல்லாமல் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். அதை வெளியில் சொன்னால் அவருக்கு அங்கே ஆபத்து, சொல்லாவிட்டால் வீட்டுக்கு இங்கே ஆபத்து. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

வரியை வாசித்ததும் எனக்கு வீரம் வந்தது. ஒரு பெண்பிள்ளைக்கு என் தளத்தில் அநியாயம் நடப்பதா? அழித்திருக்கலாம். அழிப்பது கோழைத்தனம் என்று நினைத்துப் பதில் எழுதினேன். கொட்டை எழுத்தில், சிவப்பில், மின்னி மின்னி மறையும்படி எழுதினேன்.

"இது முழுப் பொய். இப்பெண்ணின் சகோதரருக்கும் எந்த இயக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை உறுதியாக அறியத்தருகிறோம். இங்ஙனம், நிர்வாகம்."

அன்றைக்கு நல்ல சாப்பாடு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு பெண் கடைக்குள் வந்தார். பருத்திச் சேலை, தோளில் புத்தகப் பை.

"இந்தக் கலியாண வெப்சைற் செய்தது ஆர்?"

எனக்கு முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்ற சந்தோசப் புளுகம். "நான்தான். உங்களுக்கும் ஒண்டு செய்யவேணுமோ?" என்று விசிற்றிங் கார்டை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை இரண்டு பக்கமும் வாசித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். "நல்லது. விலாசம் தேட வேண்டிவரும் எண்டு நினைச்சனான்," என்றார். அதற்குப் பிறகுதான் அந்த முகத்தை எங்கே பார்த்தேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. தர்சினி. 'த., கொட்டாஞ்சேனை.'

பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். என் பதில் மின்னிக்கொண்டிருந்தது.

"இந்த முதல் வரி நீங்கள் எழுதினதோ?"

"ஐயோ, இல்லை. ஆரோ எழுதினது. நான் வெறும் சுவர் மாதிரி. சுவரில ஆரும் எழுதினா அதுக்குச் சுவர் என்ன செய்யும்?" மெல்லிய குரலில் சொன்னாலும், வாதம் எனக்கே நன்றாகப் பிடித்திருந்தது.

"சுவர் வாசிக்குமோ?"

"இல்லை."

"நீர் வாசிச்சீரோ?"

நீங்கள் என்பது நீர் ஆகிவிட்டதைக் கவனித்தேன். நீ என்று இறங்க அதிக நேரம் எடுக்காது என்று பயம் வந்தது. "ஓம்," என்றேன்.

"வாசிச்சுப்போட்டு அழிச்சீரோ?"

"பதில் போட்டனான்."

"சுவர் பதில் போடுமோ? சிவப்பு எழுத்தில? மின்னி மின்னி?"

கொம்பியூட்டர்களில் இருந்தவர்கள் எல்லாரும் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"இப்ப இதை வடிவா வாசியும். அந்த ஆள், அண்ணா எங்க எண்டு மட்டும்தான் கேட்டது. இயக்கம் எண்ட சொல்லை எழுதினது ஆர்? முழுப் பக்கத்திலயும் அந்தச் சொல் ஒரு இடத்திலதான் இருக்கு. அதுக்குக் கீழ நிர்வாகம் எண்டு கிடக்கு. ஒருத்தன் மறைச்சு வச்சதுக்கு நீர் விளக்கம் எழுதி ஒட்டியிருக்கிறீர்!"

அவர் சொன்னது அத்தனையும் சரி. இவ்வளவு அழகாக என்னை யாரும் அதுவரை ஏசியதில்லை என்று என் மூளையின் ஏதோ ஒரு மூலை வியந்துகொண்டிருந்தது.

"அவதூறு எண்டா, எழுதினவர் என்ன நினைச்சு எழுதினார் எண்டதில்லை. வாசிக்கிற ஆள் என்னெண்டு விளங்கிக்கொள்ளும் எண்டதுதான் கணக்கு. நீர் நல்லது செய்ய நினைச்சீர் எண்டு எனக்குத் தெரியும். சட்டத்துக்கு அது தேவையில்லை. முந்தி எண்டா இதுக்குச் சிறை மறியலும் இருந்தது. இப்ப அதை எடுத்துப்போட்டாங்கள். நட்டஈடு மட்டும்தான்."

"நீங்கள்... வழக்குப் போடப்போறீங்களோ?"

"போட்டா வெல்லுவன்," என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா கோட்டில முதல் கேள்வி என்ன? உங்கட அண்ணன் எங்க எண்டதுதான். இண்டைக்கு விடியவும் எங்கட லேனில செக்கிங். அப்பா பதிவுத் துண்டைப் பிடிச்சுக்கொண்டு வாசலில நிண்டவர். அவங்களில ஒருத்தன் உம்மட பக்கத்தை வாசிச்சிருந்தா அப்பா இப்ப வீட்டில இல்லை."

அழிக்கப் போனேன். அந்தக் காலத்து இணைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும், கீச்சிட்டு, இழுத்து, இடையில் ஒரு விளம்பரம் எட்டிப் பார்த்து, கடைசியில் "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்டது. தர்சினி என் கையைத் தள்ளிவிட்டுத் தானே அழுத்தினார். அவருடைய பக்கத்தை மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளுடைய பக்கத்தையும் ஒவ்வொன்றாக அழிக்கும்வரை நின்றார். மூக்குக்கண்ணாடிப் பிள்ளையும் அன்று காப்பாற்றப்பட்டது.

"மன்னிப்பு எண்டு ஒண்டு போடட்டோ?" என்றேன்.

"ஐயோ, வேண்டாம்! நீர் இனி என்னைப் பற்றி நல்லதாயும் ஒண்டும் எழுதாதேயும்."

இவ்வளவோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் எப்படியாவது நல்ல பெயர் வாங்கவேண்டுமே.

"அதை எழுதினது ஆர் எண்டு எனக்குத் தெரியும். இங்க, அந்த மூலைக் கொம்பியூட்டரில இருந்துதான் எழுதினது. பேரைச் சொல்லட்டோ?"

தர்சினி அந்த மூலையைப் பார்த்தார். கேட்கவேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. யாருக்குத்தான் இருக்காது?

"வேண்டாம்," என்றார்.

"ஏன்?"

"இண்டைக்கு நான் ஏசினதுக்குச் சொன்னா, நாளைக்குத் துவக்கைத் தோளில கொளுவிக்கொண்டு வந்து கேக்கிறவனுக்கும் சொல்லுவீர். அந்த ஆள் எழுதினது பிழை. அதை அழிச்சாச்சு. அதுக்காக ஆக்களின்ர பேரை எடுத்துக் குடுக்கிற கடையா இது இருக்கக்கூடாது. இங்க இருந்து எத்தினை சனம் என்னென்ன எழுதுதுகள், ஆருக்கு எழுதுதுகள். எனக்குப் பேர் வேண்டாம். நீரும் மறந்துபோம்."

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பின்னாளில் இணையத்தில் எழுதுவதைப் பற்றிய சட்டங்கள் வந்தன, வாதங்கள் வந்தன. மற்றவர் எழுதியதற்குத் தளம் நடத்துபவர் பொறுப்பா, பெயரில்லாமல் எழுதியவரின் பெயரை யாரிடம் கொடுக்கலாம் என்று பெரிய பெரிய ஆட்கள் மேடையில் மோதிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது முழுவதையும் ஒரு சட்ட மாணவி காலி வீதியில் நின்றநிலையில் சொல்லித் தந்துவிட்டார், அதுவும் தன் வீடே பயத்தில் இருந்த நேரத்தில். அந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் நிறைந்துவிடும். சில மாதங்களின் பின் சீருடையில் இருவர் வந்து, கடைக்கு வருபவர்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். "தன்னே நே மாத்தயா," தெரியாது ஐயா என்று சிங்களத்தில் சொன்னேன். அந்த வரியை எழுதியவர் பிறகும் எங்கள் கடைக்கு வந்தார், அதே மூலையில் இருந்தார். பெயரை நான் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதமாட்டேன்.

அன்றைக்குத் தர்சினி படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் தொலைபேசிக் கூண்டு ஒன்றின் கதவு திறந்து கிடக்கிறது. பக்கத்து லேன் செல்வராணி அக்கா, வயர் எட்டும்வரை ரிசீவரை வெளியே இழுத்து எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி," என்றார், "ரொறன்ரோவில அக்கா கேக்கிறா, அந்தப் பிள்ளை போயிட்டுதோ எண்டு."

வழக்கமாக ஒரு நிமிடம் கூடினாலும் என்னோடு சண்டை பிடிப்பவர், அன்றைக்குக் கேட்ட காசை முழுதாகக் கட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை பூமணி மாமிக்கு ரொறன்ரோவில் இருந்து அழைப்பு. செல்வராணி அக்காவின் தமக்கைதான். மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர். "சாதகத்தைப் பிறகு பாப்பம். முதல்ல அண்டைக்குக் கடையில ஏசின பிள்ளை ஆர் எண்டு விசாரியுங்கோ," என்றாராம். மாமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். காதோடு காதாக விசாரித்துவிட்டு, கால் வீங்கி, சந்தோசமாகத் திரும்பி வந்தார். தர்சினி உடனே சம்மதிக்கவில்லை. பெடியனோடு தானே பல தரம் கதைத்து, தானே விசாரித்து, அதன் பிறகுதான் ஓம் என்றார். (கதைத்தது வேறு கொமியூனிகேசனில். எங்கள் கூண்டுகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை.)

கலியாணம் வெள்ளவத்தையில்தான் நடந்தது. பெடியனின் தாய் ரொறன்ரோவில் இருந்து வந்திருந்தார். பந்தி முடிந்த நேரம் மாமியிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவருடைய தம்பியை, முன்பு ஒரு கலவர நேரத்தில், தங்கியிருந்த லொட்ஜில் யாரோ பேரைச் சொல்லிக் கொடுக்க, வந்தவர்கள் கொண்டுபோனார்களாம். திரும்பி வரவேயில்லை.

"பேர் வேண்டாம் எண்டு ஒரு பிள்ளை சொன்னதை அண்டைக்குத்தான் காதால கேட்டனான்," என்று கண்ணைத் துடைத்தார்.

மாமிக்கு அழுகை அதிக நேரம் தாங்காது. என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "இவன்தான் என்ர மருமோன். அண்டைக்கு ஏச்சு வாங்கினது இவன்தான்."

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள்தானோ தம்பி? பிள்ளை ஏசினது முழுக்க வடிவாக் கேட்டது. உங்கட குரல்தான் ஒரு இடத்திலயும் கேக்கேல்லை. லைன் கட்டாப் போச்சோ எண்டு இடைக்கிடை பயந்துபோனன்."

மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மாமி அதை வெளிநாடெல்லாம் பரப்பினார். இன்றைக்கும் வீட்டில் என் மனைவி ஏசத் தொடங்கி நான் பேசாமல் நின்றால், உள் அறையில் இருந்து மகளின் சத்தம் வரும்:

"அப்பா, லைன் கட்டோ?"