ஆரோக்கியமேரியின் வீண் நடை

உங்களைத்தான் சார் சொல்றேன். என் காப்பிக்கொட்டையை நனைச்சது மழை இல்ல, நீங்க.

வேலை என்னவோ சாதாரண வேலை. தோலுரிச்சுக் கழுவின கொட்டையைச் சிமென்ட் களத்துல காய வைக்கணும். வெள்ளிக்கிழமை ஒண்டிக்கடை ஊர்ல இருந்து வியாபாரி வந்து பார்ப்பார். பிடிச்சா இந்த வருஷ விளைச்சல் மொத்தமும் அவருக்கு.

சும்மா இருந்திருக்கலாம். சேலத்து ஃபேக்டரிகளுக்கு 'லீன்'னு, வீண் வேலையைக் குறைக்கிற வித்தை ஒண்ணு சொல்லிக்கொடுக்கிறவர், எது எது வீண்னு துல்லியமா எழுதிக் கொடுப்பார்னு கேள்விப்பட்டு உங்களைக் கூப்பிட்டேன். அடாவடியாப் பேசி ஃபீஸைப் பாதியாக் குறைச்சேன். பத்தாவது ஃபெயிலானவன் படிச்சவரையே மடக்கிட்டான்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டேன். பாதி ஃபீஸுக்குப் பாதிதான் பார்ப்பாங்கன்னு தோணல.

நீங்களும் களத்து ஓரமா சேர் போட்டு, நாள் பூரா ஒரே ஆளை எண்ணினீங்க. ஆரோக்கியமேரி. பதினஞ்சு வருஷமா எங்கிட்டக் களம் பார்க்கிறவங்க. கொட்டையைக் கிளறிவிடுவாங்க. அரை மணிக்கொரு தடவை மலை ஓரத்துப் பாறை வரைக்கும் நடந்துபோய், கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவாங்க.

"இந்த நடையால கொட்டைக்கு என்ன லாபம்?"னு கேட்டீங்க. எனக்கும் தெரியல. "வீண் நடை"ன்னு எழுதிக் கொடுத்துட்டு, சாப்பாட்டுல ஒரு பருக்கைகூட வீணாக்காம கிளம்பிட்டீங்க.

எனக்கு வந்துச்சே கோவம். வேடிக்கை பார்க்கவா சம்பளம்னு கத்தினேன். களத்தைச் சுத்திச் சுண்ணாம்புல கோடு போட்டு, இதைத் தாண்டக் கூடாதுன்னேன். மேரிம்மா ஏதோ சொல்ல வந்தாங்க. பேச்சும் வீண்தான்னு அடக்கிட்டேன்.

ரெண்டு நாள் பிரமாதம். மாரமங்கலத்து மச்சானுக்குப் போன் போட்டு, நிர்வாகம்னா என்னன்னு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சோத்துல கை வச்சேன். தகரக் கூரையில சடசடன்னு சத்தம். ஓடினா களம் பூராத் தண்ணி. மேரிம்மா ஒத்தை ஆளாக் கொட்டையைக் குவிச்சுத் தார்ப்பாய் இழுத்துக்கிட்டிருக்காங்க. பாதிக்கு மேல நனைஞ்சு போச்சு.

மழை வருதுன்னு முன்கூட்டியே சொல்லக் கூடாதான்னு பாய்ஞ்சேன்.

"மழை சேலத்துப் பள்ளத்துல இருந்து ஏறி வருமுங்க மொதலாளி. பாறை மேல நின்னாத்தான் தெரியும். பாறை உங்க கோட்டுக்கு அந்தாண்ட இருக்குதுங்க."

இத்தனை மரியாதையா யாரும் என்னை அறைஞ்சதில்ல.

மறுநாள் வியாபாரி ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். பேரத்துக்கு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "நொம்ப ஈரமுங்க, சாக்கு வாசம் வேற வருது. அடுத்த வெள்ளிக்குள்ள காய வைங்க, இல்லீனா வேற களம் பார்த்துக்கறேன்"னுட்டார்.

மேரிம்மா அன்னைக்கே வேலையை விட்டுட்டாங்க. வெள்ளக்கடையில அவங்க ஊட்டுக்கே போய், வாழ்க்கையில முதல் தடவையா மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க கத்துறது எனக்குப் பழகிப்போச்சுங்க. படிச்சவரு எழுதினதுதானுங்க உறுத்துது. அவரு வந்து தப்புன்னு சொல்லட்டும், வாறேன்."

இப்ப பாறைக்கு நான்தான் நடக்கறேன். எது பனி, எது மழை மேகம்னு ஒரு எழவும் புரியல. நேத்து அஞ்சு தடவை கொட்டையைக் குவிச்சு மூடினேன். ஒரு சொட்டு விழல. காயவும் இல்ல.

வெள்ளிக்கு இன்னும் நாலு நாள்தான். நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வெள்ளக்கடை வந்துருங்க சார். மேரிம்மா ஊட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, உள்ள போய்த் தப்புன்னு சொல்லுங்க.